தள்ளிவிட்ட தண்ணீர் எங்கே போகும்?

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். போனில் நீ கொட்டித் தீர்த்ததற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் குறுக்கே பேசினால் உனக்குப் பிடிக்காது, பேசி முடித்ததும் "சரிம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

உன் கோபம் மூன்று பேர் மேல். அனுமதி தர வேண்டிய அலுவலகம், ஆட்சேபம் எழுதுகிற ஜனங்கள், பணம் தர வேண்டியவர்கள். ஆற்றங்கரையை உயர்த்தி ஓர் ஊரையே வெள்ளத்திலிருந்து காப்பாற்றப் போகிறோம், அதற்கு இத்தனை முட்டுக்கட்டையா என்றாய். உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே மண் பரிசோதனை அறிக்கையை மூன்று அலுவலகங்கள் மூன்று படிவங்களில் கேட்பது வெட்டி வேலை. மீன் முட்டையிடும் மாதங்களில் ஆற்றுக்குள் இயந்திரம் இறங்கக் கூடாது என்கிற நிபந்தனை சரிதான். ஆனால் ஒரு கையெழுத்து ஒரு மாதம் தள்ளிப்போய், வேலை செய்யக்கூடிய பருவம் முழுக்கக் கைநழுவி, அதற்குள் சிமென்ட்டும் கம்பியும் விலை ஏறி எஸ்டிமேட் செல்லாக்காசாகிப் போவதால் மீனுக்கும் லாபமில்லை, மனிதனுக்கும் லாபமில்லை. கோப்பைத் தூங்கவிடுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நானும் நீர்ப்பணிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்தான். கோப்பு எப்படித் தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும்.

ஆனால், "எங்கள் வேலை இக்கரையில். அக்கரையிலும் மேல்பக்கத்திலும் நீர்மட்டம் எவ்வளவு ஏறும் என்று எதற்குக் கணக்குக் கேட்கிறார்கள்?" என்று சலித்துக்கொண்டாயே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அனுமதிப் படிவத்தில் இருக்கிற ஒரே நல்ல கேள்வி அதுதானடா. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட குமாஸ்தா வேலை.

வெள்ளம் வரும்போது ஆறு அகலமாகும். தாழ்ந்த நிலத்தில் பரவி, அங்கே கொஞ்ச நேரம் தங்கி, மெல்ல வடியும். நீ கரையை உயர்த்தினால் அந்தப் பரப்பு போய்விடும், தண்ணீர் போகாது. ஒடுங்கிய இடத்தில் மட்டம் ஏறும். அந்த ஏற்றம் பின்னோக்கி மேல்பக்கத்து ஊருக்குப் போகும். எதிர்க்கரை தாழ்வாக இருந்தால் அதன் மேல் வழியும். தங்கிப்போக இடமில்லாததால் கீழ்ப்பக்கத்து ஊருக்கு உச்சவெள்ளம் சீக்கிரமாகவும் கூடுதலாகவும் போய்ச் சேரும். உன் வரைபடத்தில் திட்ட எல்லையென்று ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பாய். தண்ணீர் அந்தக் கோட்டைப் படிப்பதில்லை.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் இதைப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். கரைகள் மட்டும் போதும், ஆற்றை ஒடுக்கினால் அதுவே தன் படுகையை ஆழமாக்கிக்கொள்ளும் என்பதுதான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அங்கே அரசாங்கப் பொறியாளர்களின் கொள்கை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. 1927இல் கரைகள் பல இடங்களில் உடைந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காப்பாற்ற, நகரத்துக்குக் கீழே கர்னார்வன் என்ற இடத்தில் கரைக்கு டைனமைட் வைத்து அதிகாரிகளே உடைத்தார்கள். தண்ணீர் செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் என்ற இரண்டு பகுதிகளுக்குள் பாய்ந்தது. சுமார் 10,000 பேர் வீடு இழந்தார்கள். நஷ்டஈடு தருவதாக நகரத்துப் பெரிய மனிதர்கள் சொன்ன வாக்கில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. இதில் கொடுமை, அதற்குள் மேல்பக்கத்தில் கரைகள் உடைந்து வெள்ளம் தணியத் தொடங்கியிருந்தது, வெடி வைத்திருக்கவே வேண்டாம். மறு வருஷமே புதுச் சட்டம் வந்தது. வெள்ளத்தைத் திருப்பிவிடும் வடிகால் பாதைகளும் திட்டத்தில் சேர்ந்தன. உன் படிவத்தில் இருக்கிற அந்தக் கேள்வி இந்த மாதிரி அனுபவங்களிலிருந்து பிறந்தது. யாரோ மேஜை முன்னால் உட்கார்ந்து உன்னைப் படுத்துவதற்காக எழுதியது இல்லை.

அடுத்தது, "பொறியியல் தெரியாதவர்கள் ஆட்சேபம் எழுதுகிறார்கள்" என்றாய். எழுதட்டுமே. பத்து மனுவில் எட்டு, வீட்டு ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது என்றோ, லாரி போனால் தூசி வரும் என்றோதான் இருக்கும். அதற்காக மனுக்கட்டைப் பிரிக்காமல் வைத்துவிடாதே.

கலிஃபோர்னியாவில் ஓரோவில் அணை இருக்கிறதே, 770 அடி, அமெரிக்காவிலேயே உயரமானது, 1968இல் திறந்தது. உபரி நீர் போக அதில் கான்கிரீட் போட்ட பெரிய போக்கி ஒன்று. அதையும் மீறி வந்தால் என்று பக்கத்தில் அவசரப் போக்கி ஒன்று. இந்த இரண்டாவதில் உச்சியில் மட்டும்தான் கான்கிரீட் சுவர், அதற்குக் கீழே வெறும் மலைச்சரிவு. 2005இல் அணைக்கு உரிமம் புதுப்பிக்கும் நடவடிக்கை நடந்தபோது மூன்று சுற்றுச்சூழல் அமைப்புகள் மனுப் போட்டன. தண்ணீர் அந்தப் பக்கம் வழிந்தால் சரிவு அரித்துக்கொண்டு போகும், சுவரே சாயலாம், சரிவுக்கும் கான்கிரீட் போடச் சொல்லுங்கள் என்று கேட்டன. தேவையில்லை என்று பதில் வந்தது. 2017 பிப்ரவரியில் பெரிய போக்கியின் தளம் பெயர்ந்து பள்ளமானது. அதில் விடுகிற நீரைக் குறைத்தார்கள், ஏரி நிரம்பியது, அவசரப் போக்கியில் முதல் முறையாகத் தண்ணீர் வழிந்தது. அது தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்த அளவில் வந்தது ஒரு சிறு பங்குதான். ஒன்றரை நாளுக்குள் சரிவு அரித்து, பள்ளம் சுவரின் அடியை நோக்கி ஏறி வந்தது. சுமார் 1,88,000 பேரை உடனே வெளியேறச் சொன்னார்கள். நல்லவேளை, சுவர் நின்றது. பழுதுபார்க்க 100 கோடி டாலருக்கு மேல் ஆயிற்று. மனுப் போட்டவர்கள் சொன்ன அதே அரிப்பு, அதே இடம்.

நெதர்லாந்தில் நடந்த ஒன்று உனக்கு உடனே உதவலாம். 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு, கரையை உயர்த்திக்கொண்டே போவதை விட்டு ஆற்றுக்கு இடம் கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். அதில் ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தை வெள்ளநீர் தங்குகிற இடமாகக் குறித்தார்கள். அங்கே இருந்த பால்பண்ணை விவசாயிகள் வழக்குப் போட்டு உட்கார்ந்துவிடவில்லை, அவர்களே ஒரு திட்டத்தோடு வந்தார்கள். ஆற்றுப் பக்கக் கரையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டையும் தொழுவத்தையும் பின்பக்கக் கரையை ஒட்டி மண்மேடுகள் எழுப்பி மேலே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். கடைசியில் நடந்தது அதுதான், எட்டுப் பண்ணைகள் மேட்டில் ஏறின. சில குடும்பங்கள் விற்றுவிட்டுப் போயின, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த யோசனை எந்தப் பொறியாளரின் மேஜையிலிருந்தும் வரவில்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்தை நீங்கள் வேலையெல்லாம் முடித்து, வண்ணப்படம் அச்சடித்த பிறகு வைக்கிறீர்கள். அப்போது ஜனங்களுக்கு ஆம், இல்லை என்ற இரண்டு வார்த்தைதான் மிச்சம். அவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

இனி பணம். உங்கள் திட்டத்தின் நன்மைக்கும் செலவுக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்குக் கீழே வருகிறது, அதனால் மானியம் கிடைக்காது என்றாய். இதில் நான் முழுக்க உன் கட்சி. அமெரிக்கர்கள் 1936இல் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டபோது, நன்மை யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, மொத்தத்தில் அது செலவை மிஞ்ச வேண்டும் என்று எழுதினார்கள். அப்போது அது நல்ல விதிதான். அதற்கு முன்னால் எந்த அரசியல்வாதி சத்தம் போட்டாரோ அவர் ஊருக்குப் பணம் போனது. ஆனால் நன்மையை எப்படி அளக்கிறோம்? வெள்ளத்தில் அழியாமல் தப்பும் சொத்தின் மதிப்பை வைத்து. நூறு மீட்டர் கரைக்குச் செலவு ஒன்றுதான். அதன் பின்னால் பத்து மாளிகை இருந்தால் விகிதம் மூன்று வரும். பின்னால் அறுபது குடிசை இருந்தால் அரை வரும். கணக்கில் பிழையே இல்லை, ஆனால் முடிவு அநியாயம். தாழ்ந்த நிலம் மலிவு என்பதால்தானே ஏழைகள் அங்கே வந்து குடியேறினார்கள்.

அதற்காக எண்களைத் திருத்தாதே, அது ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் உன் பெயரோடு வெளியே வரும். விதி அனுமதிக்கிற எல்லாவற்றையும் எண்ணு. எத்தனை நாள் கூலி போகும், பள்ளிக்கூடம் எத்தனை நாள் முகாமாகிவிடும், சாலை மூழ்கினால் ஆம்புலன்ஸ் எத்தனை மைல் சுற்றும், நீரேற்று நிலையம் நின்றால் குடிதண்ணீர் இல்லாமல் எத்தனை பேர். சோம்பல்பட்டு இதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டு மதிப்பை மட்டும் போட்ட விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உயிர் ஆபத்தைத் தனி அத்தியாயமாக எழுது. இன்னொன்று, உள்ளூர்ப் பங்கு. அமெரிக்காவில் பேரிடர் தணிப்பு மானியங்களில் வழக்கமாக மத்திய அரசு முக்கால் பங்கு தரும், மீதிக் கால் பங்கை உள்ளூர் போட வேண்டும். வசதியான ஊருக்கு அது ஒரு தீர்மானம், இல்லாத ஊருக்கு மலை. பல ஊர்களில் விண்ணப்பம் எழுதவே ஆள் கிடையாது. உன் நிறுவனம் அந்த முதல் ஆய்வுக்குக் குறைந்த கட்டணம் வாங்கக் கூடாதா? மேலதிகாரியிடம் கேட்டுப் பார்.

நீ ஒரு வார்த்தை கூடச் சொல்லாத விஷயம், பராமரிப்பு. அந்த 1936 சட்டத்திலேயே, கட்டி முடித்த பிறகு காப்பது உள்ளூரின் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பணம் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வாங்கப் பணம் இருக்கும், ஷட்டருக்குக் கிரீஸ் வாங்க இருக்காது. கரையின் அடியில் ஊரின் மழைநீர் வெளியே போக ஒரு குழாய் வைத்து, அதன் வாயில் மடல் கதவு மாட்டுவோம் அல்லவா, உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், ஆறு ஏறினால் தானே மூடிக்கொள்ளும். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு புதுக் கரை. மேலே ஒரு கீறல் கிடையாது. ஆறு பாதிதான் ஏறியிருந்தது, கரைக்குப் பின்னால் தெருவில் முழங்காலளவு தண்ணீர். போய்ப் பார்த்தால் மடல் கதவின் இடுக்கில் கை மொத்தத்தில் ஒரு மரக்கட்டை, அதில் ஒரு சாக்குப்பை சுற்றியிருந்தது. கதவு நாலு விரல் திறந்தே நின்றது. ஆறு அந்த வழியாக ஊருக்குள் நிதானமாக வந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்னால் ஓர் ஆள் கொக்கியோடு ஒரு தடவை போய்வந்திருந்தால் போதும். அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தச் செலவுத் தலைப்பிலும் இல்லை.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் 1889இன் ஜான்ஸ்டவுன் வெள்ளம். பென்சில்வேனியாவில் மேட்டில் ஒரு பழைய மண் அணை, பணக்காரர்களின் மீன்பிடி சங்கத்துக்குச் சொந்தம். அடியிலிருந்த வெளியேற்றுக் குழாய்களை முந்தைய சொந்தக்காரர் பிடுங்கி விற்றுவிட்டார், அவற்றை யாரும் திரும்பப் போடவில்லை. வண்டி போக வசதியாக அணை உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிவிடக் கூடாதென்று உபரிநீர் வழியில் கம்பிவலை. பெருமழையில் குப்பை வந்து வலையை அடைத்தது, அணையின் மேல் தண்ணீர் வழிந்து உடைந்தது. 2,209 பேர் செத்தார்கள்.

ஆகையால் முதல் எஸ்டிமேட்டிலேயே, கதவுகளைப் பருவத்துக்கு ஒரு தடவை ஏற்றி இறக்குவது, கரையில் எலி வளை பார்ப்பது, புல் வெட்டுவது, மரக்கன்று வேர் விடுமுன் பிடுங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஆள், நாள், தொகை போடு. அதை அந்த ஊரால் தாங்க முடியாது என்று தெரிந்தால், அப்போதே சின்னதாகக் கட்டு.

இனி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், வடக்குப் பக்கம் கரைக்கும் வீடுகளுக்கும் நடுவில் காலி நிலம் இருக்கிறது. இருக்கிற கரையை உயர்த்துவதற்குப் பதில், அந்த நீளத்தில் மட்டும் புதுக் கரையைப் பின்னால் தள்ளிக் கட்டினால் என்ன? நிலத்துக்குச் செலவாகும். ஆனால் உயரம் குறையும், ஆற்றுக்கு அகலம் கிடைக்கும், மேல்பக்கத்து ஏற்றம் அநேகமாகச் சுண்டிவிடும், அந்த அலுவலகம் கேட்கிற கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும். எதிர்த்து மனுப் போட்டவர்களில் அந்த நிலத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று பார்த்தாயா? கூட்டத்துக்கு முன்னால் அவர்களிடம் தனியாகப் போய்ப் பேசு. வரைபடச் சுருளை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போ.

ஆற்றின் நீளத்துக்கும் நீர்மட்டத்தைக் காட்டுகிற நீள்வெட்டுப் படம், திட்டம் இல்லாமலும் திட்டத்தோடும், இரண்டையும் எனக்கு அனுப்பு. ஆட்சேப மனுக்களின் நகலையும் சேர்த்து அனுப்பு, எனக்குப் பொழுதுபோகும். அப்பாவிடம் சொல்லாதே. ரிட்டயர் ஆன பிறகும் கோப்பா என்று ஆரம்பித்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா