ஆட்டு உருப்படியும் பாட்டு உருப்படியும்

மேச்சேரி வட்டாரத்தைச் சேர்ந்த எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களுக்கும், பெரியவரின் நினைவு விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்து போன பட்டிக்காரப் பெரியவருக்கு மார்பளவுச் சிலை வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். சிலைச் செலவுக்கு அவர் பட்டி ஆடுகளைப் புதன்கிழமைச் சந்தையில் விற்பது, இசைத்தட்டுகளையும் வாத்தியங்களையும் ஊராட்சிக் கட்டடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வைப்பது, விழா அன்று பட்டிக்குப் பக்கத்திலேயே கூம்பு ஒலிபெருக்கி கட்டிக் கச்சேரி நடத்துவது என்றும் பேசி முடித்திருக்கிறீர்களாம். மனசு நல்லதுதான். ஆனால் சிலையைத் தவிர மற்ற மூன்றும் அவர் சேர்த்ததைக் கெடுத்துவிடும். செம்மறி வளர்ப்பவர்களும், வாத்தியமும் ரிக்கார்டும் பழுது பார்ப்பவர்களும் சேர்ந்து எழுதுகிறோம்.

சந்தையில் ஆட்டை 'உருப்படி' என்று எண்ணுகிறோம். சங்கீதக்காரர்கள் கீர்த்தனையையும் வர்ணத்தையும் அதே சொல்லால்தான் எண்ணுகிறார்கள். பெரியவர் விட்டுப்போனது இந்த இரண்டு கணக்கும்தான். பட்டியில் 44 உருப்படி: பெட்டை 31, கிடா 2, குட்டி 11. வீட்டில் சுமார் 200 இசைத்தட்டு, 60 கேசட், ஒரு சாவி கிராமபோன், ஒரு ஆர்மோனியம், ஒரு கஞ்சிரா.

முதலில் ஆடு. அவை கலப்பில்லாத மேச்சேரிச் செம்மறி. வெளிர் பழுப்பு நிறம், கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு கிடையாது, குட்டை வால், உடம்பில் கம்பளி இல்லாமல் வெறும் ரோமம். கறிக்கும் தோலுக்கும் பேர்போன இனம். சந்தையில் இறக்கினால் இரண்டு மணி நேரத்தில் கறிக்கடைக்கும் வெளியூர் வியாபாரிக்கும் பிரிந்து போய்விடும். நாற்பது ஐம்பது வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்த வழி அத்தோடு முடிந்தது. விற்க வேண்டாம், பங்கு பேசி வாரத்துக்கு விடுங்கள். ஊரில் மூன்று குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, பிறக்கிற குட்டியில் பாதி வளர்ப்பவருக்கு, பாதி நினைவு நிதிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சினை ஐந்து மாதம்தான். நிதி தானாகப் பெருகும். சிலைக்கு வேண்டுமானால் அந்தப் பணத்தில் பிறகு பார்க்கலாம்.

ஒரு கிடாவுக்கு 25 முதல் 30 பெட்டை கணக்கு. மூன்றாகப் பிரித்தால் இன்னொரு கிடா தேவைப்படும். எந்தக் கிடாவையும் ஒரே பட்டியில் இரண்டு வருஷத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள். தன் மகளையே சேர ஆரம்பிக்கும், குட்டி எடை குறையும், சாவு கூடும். மூன்று குடும்பமும் கிடாவை மாற்றிக்கொண்டால் கொஞ்ச காலம் ஓட்டலாம். அதற்குப் பிறகு வெளி ரத்தம் வேண்டும். பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். பெரிய ஆட்டுக்குக் கூரையடியில் 10 சதுர அடி, குட்டிக்கு 4 சதுர அடி, வெளியே அதைப்போல் இரண்டு பங்கு திறந்தவெளி. இதற்குக் குறைந்தால் தரை ஈரம் காயாது, குளம்பு அழுகும்.

பெரியவர் இருந்தவரை அவர் கண்ணே பாதி வைத்தியம். புதியவர்கள் இரண்டு ஆபத்தை மட்டும் மறக்கக் கூடாது. முதல் மழைக்குப் பின் இளந்தளிரை வயிறு முட்ட மேய்ந்தால் துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய் வரும்; நோஞ்சான் தப்பிக்கும், கொழுத்த குட்டிதான் முதலில் விழும். அதனால் மழைக்கு முன்பே தடுப்பூசி. இரண்டாவது, மழை பொய்த்து முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிற சோளப்பயிர், அறுத்த தட்டையில் மறுபடி துளிர்த்த தழை. இரண்டிலும் நஞ்சு உண்டு, சில நிமிஷத்தில் மூச்சுத் திணறி விழும். பூ எடுக்கும்வரை சோளக்காட்டுப் பக்கம் ஓட்டவே கூடாது. ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு நோய்களுக்குக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசித் தேதி குறித்துவையுங்கள்.

ஒலிபெருக்கி விஷயம். பெரியவரின் ஆடுகள் பாட்டுக்குப் பழகினவைதானே என்று சொல்வீர்கள். அவர் வைத்தது சின்ன ரேடியோ. தினமும் பட்டி அடைக்கிற நேரத்தில், ஒரே மூலையில், ஒரே அளவில். ஆடு மிரளாததற்கு அந்தப் பழக்கம்தான் காரணம். கூம்பு திடீரென்று அலறினால் மந்தை முழுக்க ஒரு மூலையில் ஏறி நெருக்கும். அடியில் சிக்கிய குட்டி மூச்சு முட்டிச் சாகும், நிறைசினை ஆடு கரு கலைந்து குட்டி வீசும். கச்சேரியைக் கோயில் திடலில் வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியும் இடமில்லை. இன்னொன்று: பாட்டுக் கேட்ட ஆடு எடை கூடியது என்று கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். அவர் பாட்டு வைத்தது தனக்காக.

இனிப் பாட்டு. திருச்சி வானொலி 1939இல் தொடங்கியது. அவர் அதற்கும் முன்னே பிறந்தவர். தபால் ஆபீசில் ரேடியோ லைசென்ஸுக்குப் பணம் கட்டிய காலத்தையும் பார்த்தார், கேசட் வந்து போனதையும் பார்த்தார். சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாட்டுகள் அந்தத் தட்டுகளில் கணிசம். ஆனால் நீங்கள் மதிப்பு வைத்திருக்கிற தட்டுகளைவிட, பழைய பையில் கிடக்கிற கேசட்டுகள்தான் அவசரம். தட்டு அச்சடித்த சரக்கு. அதே பாட்டு வேறு எங்காவது யாரிடமாவது இருக்கும். கேசட்டில் இருப்பவை நம் பக்கத்துத் திடல்களில் விடிய விடிய நடந்த கூத்தும், பம்பை உடுக்கைப் பாட்டும், அவரே பதிந்தவை. இன்னொரு பிரதி உலகத்தில் கிடையாது.

முதல் வேலை, கேசட்டின் முதுகுப் பக்கத்து இரண்டு சின்னத் தகடுகளையும் உடைத்துவிடுவது. தவறிப்போய் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் போடவே வேண்டாம், தனியே எடுத்துவையுங்கள். ஒன்று பிளேயரைக் கெடுத்து அடுத்ததையும் கெடுக்கும். நாடாவை அழுத்திப் பிடிக்கிற பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கிக் கேட்கும்; பழைய காலி கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். நல்லதாக இருப்பதை முன்னும் பின்னும் ஒரு முறை முழுக்கச் சுற்றிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். ஐந்து கேசட்டுக்கு ஒரு தடவை, பிளேயரில் நாடா உரசுகிற ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

அதே ஆல்கஹாலை இசைத்தட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற பழைய தட்டு அரக்கால் ஆனது. தச்சர் அரக்கைக் கரைத்துப் பாலிஷ் போடுவது ஸ்பிரிட்டில்தான். தொட்ட இடம் பிசுபிசுத்துப் பாட்டே போய்விடும். வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஒரு துளி மென்சோப்பு, மெல்லிய துணி, ஊசி ஓடுகிற வரியின் போக்கிலேயே துடைத்து நிழலில் காயவையுங்கள். நடுவில் இருக்கிற காகிதம் நனையக் கூடாது. தட்டைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், சாய்த்தும் வைக்காதீர்கள். நேராக நிறுத்த வேண்டும். ஊராட்சிக் கட்டடத்தில் மேற்கு வெயில் விழுகிற கண்ணாடி அலமாரிதான் இதற்கு மிக மோசமான இடம். சித்திரை வெயிலில் வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்தும்போது பாதி உடையும்.

பின்னால் வந்த பிளாஸ்டிக் எல்பி தட்டுக்கான இக்காலத்து ஊசியால் இவற்றைப் பாட வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். 78 தட்டின் வரி அகலம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடித்த முனையுள்ள ஊசி தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். சாவி கிராமபோனில் ஆசைக்கு ஒன்றிரண்டு பாட வைக்கலாம், ஆனால் பக்கத்துக்கு ஒரு புது இரும்பு ஊசி. பழைய ஊசி உளிபோல வரியைச் சுரண்டும். கணினியில் ஏற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்பு. நிமிஷத்துக்கு 35 எம்பி பிடிக்கும். தட்டும் கேசட்டும் சேர்ந்து 110 மணி நேரம், 230 ஜிபிக்குள் அடங்கும். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி இரண்டு வீட்டில் வையுங்கள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதத்து வேலை. சுற்று வேகம் கூடினால் பாடுகிறவர் சுருதி ஏறி, கீச்சுக் குரலாகக் கேட்கும். அதைத் திருத்திவிட்டுப் பதியுங்கள்.

ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஊமையாக இருந்தால் ரீடின் நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதத்தை நுழைத்து இழுங்கள். தூசிதான் பெரும்பாலும் காரணம். கத்தி வேண்டாம். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கஞ்சிராவின் தோல் உடும்பு. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணை, அதாவது கடுமையான பாதுகாப்பில் உள்ள உயிர். வனத்துறையைக் கேட்காமல் அதைக் காட்சிக்கு வைத்து ஊராட்சி வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

புதன்கிழமைக்கு வண்டி சொல்லியிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கேசட் பையைத் தகர பீரோவிலிருந்து எடுத்து, பழைய ஸ்பீக்கர் பெட்டியை விட்டுத் தள்ளி வையுங்கள். அதன் காந்தம் நாடாவுக்கு ஆகாது. கிராமபோனின் ஸ்பிரிங் அவர் முறுக்கியபடி இன்னும் முழு இறுக்கத்தில் நிற்கிறது. அப்படியே விட்டால் ஸ்பிரிங் தளர்ந்து கெடும். வீட்டார் யாராவது ஒருவர் இன்று போய், தட்டு எதுவும் வைக்காமல், பிரேக்கை விடுவித்து, தானாக நிற்கும்வரை ஓடவிடட்டும்.

இப்படிக்கு,
வட்டாரப் பட்டிக்காரர்களும் வாத்தியக்காரர்களும்