மதியம் இரண்டு மணிக்குக் கரையேறிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்கு ஆகஸ்டில் சுற்றுலா போவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். யெல்லோஸ்டோன் பூங்கா, காட்டெருமைக் கூட்டம், வெந்நீர் ஊற்று எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. கடைசிப் பக்கத்தில் ட்ரவுட் மீன் பிடிப்பது பற்றி ஒரு பத்தி. பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு வெயில் தாழ்ந்ததும் ஆற்றுக்குப் போகலாம், பிடித்த மீனைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு பத்திக்காகத்தான் இந்தக் கடிதம். கோடை முடியப்போகும் நாட்களில் அந்த ஆறுகளில் செய்யக்கூடாத இரண்டு காரியங்களை அடுத்தடுத்துச் சொல்லிவிட்டார்கள்.

நான் குன்னூர்க்காரன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மகள் மொன்டானாவின் போஸ்மன் ஊரில் இருப்பதால் கோடை மாதங்கள் எங்களுக்கு அங்கேதான். மாப்பிள்ளைக்குத் தூண்டில் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவர்தான் எனக்கும் ஃப்ளை ஃபிஷிங் பழக்கிவிட்டார். புழு கோத்துத் தக்கை மிதக்கவிடும் நம் ஊர்த் தூண்டில் அல்ல அது. இறகு, ரோமம், நூல் எல்லாம் வைத்து முள்ளின் மேல் ஒரு பூச்சியைக் கட்டுகிறார்கள். அந்தப் பொய்ப் பூச்சிக்கு எடையே கிடையாது, எனவே கனமான கயிற்றின் வீச்சில்தான் அது மீனிடம் போய்ச் சேர வேண்டும். கை பழக வெகு காலம் பிடிக்கும். என் வீச்சு இன்னும் பார்க்கச் சகிக்காது. மீனுக்கு அதுபற்றி அக்கறை இல்லை என்பது ஆறுதல்.

முதலில் வெயில் தாழ்வது பற்றி. நம் ஊரில் எந்த வெளிவேலையையும் வெயில் தாழட்டும் என்று தள்ளிப்போட்டே பழகியவர்கள் நாம். ஆற்று நீருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. காற்று குளிரலாம், ஆனால் பகல் முழுக்கச் சூடேறிய தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரைதான் தண்ணீர் உச்சச் சூட்டில் இருக்கும், இருட்டிய பிறகும் இறங்க நேரம் எடுக்கும். தண்ணீர் மிகவும் குளிர்ந்திருப்பது விடியும் வேளையில்.

ட்ரவுட் குளிர்நீர் மீன். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்கு வேதனை தொடங்கிவிடும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. கடல்மட்ட அளவில் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் கரையும், 20 டிகிரியில் 9 மில்லிகிராம்தான். அதே நேரத்தில் மீனின் உடம்பு வேகமாக இயங்கத் தொடங்குவதால் அதற்கு வேண்டிய ஆக்ஸிஜனோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறிய நிலை. அப்போது அதை முள்ளில் மாட்டி நான்கைந்து நிமிடம் இழுத்து விளையாடினால், விட்டவுடன் வாலை ஆட்டிக்கொண்டு போவதுபோல் தெரியும். பிடித்தவர் திருப்தியாக வீட்டுக்குப் போவார். மீன் பிற்பாடு எங்கோ ஒரு மடுவில் செத்துக் கிடக்கும்.

இதனால்தான் மொன்டானா மீன்வளத் துறை ஒரு விதி வைத்திருக்கிறது. ஓர் ஆற்றின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 செல்சியஸை எட்டினால், மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை அங்கே தூண்டில் போடத் தடை விதிக்கலாம். உள்ளூரில் இதை ‘ஹூட் அவுல்’ என்பார்கள். படகுத்துறைப் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்து ஏதோ ஆந்தைச் சரணாலயம் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் கட்டுரை சொன்ன ‘வெயில் தாழ்ந்த’ நேரம் முழுக்க இந்தத் தடைக்குள்தான் விழுகிறது.

ஏன் ஆகஸ்டில் இப்படி? அந்த ஆறுகளுக்கு உயிர் மலைப்பனி. மே கடைசியிலும் ஜூனிலும் பனி உருகி ஆறு கலங்கி நிரம்பி ஓடும். ஜூலையில் வடிந்து தெளியும். ஆகஸ்டில் பல இடங்களில் நீர் கணுக்கால் அளவுக்கு இறங்கிக் கூழாங்கல் படுகை தலைகாட்டும். மிச்சமிருக்கும் நீரில் பெரும் பங்கு வாய்க்கால் வழியே குதிரைமசால், புல் வயல்களுக்குப் போகிறது. முதலில் எடுத்தவனுக்கு முதல் உரிமை என்பது அந்த ஊர்த் தண்ணீர்ச் சட்டம். பண்ணைக்காரர்களைத் திட்டுவது மீன்பிடிப்பவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு, எனக்கு அதில் சம்மதமில்லை. வயல் வைத்திருப்பவன் மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம் சேர்க்கத்தானே வேண்டும்?

எல்லா ஆறும் ஒன்றல்ல என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. போஸ்மனுக்கு அருகிலேயே பாருங்கள். காலட்டின் ஆறு மலையிடுக்கில் ஓடும்வரை கோடையிலும் சில்லென்று இருக்கும். கீழ் மேடிசனோ, ஆழமில்லாத என்னிஸ் ஏரியில் வெயில் காய்ந்துவிட்டு வருகிறது. ஏறக்குறைய ஆண்டுதோறும் அங்கே பிற்பகல் தடை உண்டு. அந்த நேரத்தில் ஆறு ரப்பர் டியூபில் மிதக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொந்தம், அவர்களே அனுபவிக்கட்டும். பூங்காவுக்குள் ஓடும் ஃபயர்ஹோல் ஆறு இன்னும் விசித்திரம். வெந்நீர் ஊற்றுகள் அதில் நேராகக் கலப்பதால் கோடையில் தண்ணீர் 27 டிகிரி வரைகூடப் போகும். அங்குள்ள ட்ரவுட்கள் ஆற்றை விட்டுவிட்டுக் குளிர்ந்த சிற்றோடைகளின் வாயில் போய் ஒதுங்கிக்கொள்கின்றன. அப்படி ஒதுங்கி நிற்கும் கூட்டத்துக்கு நடுவில் தூண்டில் போடுவதைச் சட்டம் எப்படிப் பார்த்தாலும் நான் அயோக்கியத்தனம் என்றே சொல்வேன்.

2016 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யெல்லோஸ்டோன் ஆற்றில் வொயிட்ஃபிஷ் என்ற மீன் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தது. சிறுநீரகத்தைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணிதான் காரணம். நீர் வற்றிச் சூடேறி மீன்கள் ஏற்கெனவே நொந்திருந்ததால் நோய் இன்னும் மோசமாகத் தாக்கியது. கார்டினரிலிருந்து லாரல் வரை 183 மைல் நீளத்துக்கு ஆற்றையும் அதன் துணையாறுகளையும் மாநில அரசு மூடிவிட்டது. தூண்டில் மட்டுமல்ல, படகு, நீச்சல் எதற்கும் அனுமதியில்லை. சுற்றுலாப் பருவத்தின் நடுவில் படகோட்டிகளும் வழிகாட்டிகளும் பிழைப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2021 ஜூலை வறட்சியிலும் பூங்கா நிர்வாகம் பிற்பகலில் ஆறுகளை மூட வேண்டி வந்தது.

இவ்வளவு சொல்வதால் ஆகஸ்டில் போகவே கூடாது என்று அர்த்தமில்லை. உண்மையில் எனக்குப் பிடித்த மாதமே அதுதான், காலையில் போவதாக இருந்தால். கிழக்கு காலட்டின் ஓடையில் ட்ரைக்கோ என்ற பூச்சி எழும்பும். எள்ளளவு கறுத்த உடம்பு, கண்ணாடிச் சிறகு. வெயில் ஏறத் தொடங்கியதும் நீர் சலசலக்கும் இடத்துக்கு மேலே ஆயிரக்கணக்கில் கூடி மேலும் கீழும் ஆடும். அப்புறம் இணை சேர்ந்து, முட்டையிட்டு, சிறகை விரித்தபடி நீரில் விழும். ட்ரவுட் அதற்காகத் துள்ளிக் குதிப்பதில்லை. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றுகொண்டு மூக்கை மட்டும் தூக்கி உறிஞ்சும், இறங்கும், மறுபடி தூக்கும். ஒரே தாளம். அந்தத் தாளத்துக்குச் சரியாக, அது மூக்கைத் தூக்கும் நேரத்தில் நம் பொய்ப்பூச்சி அதன் பாதையில் வந்து சேர வேண்டும். முள்ளின் அளவு 22, விரல்நுனியில் வைத்தால் காணாமல் போகும். வாசிப்புக் கண்ணாடி போட்டாலும் அதன் காதில் தங்கூசி என்னும் மெல்லிய நைலான் இழையைக் கோக்க எனக்கு வராது. மாப்பிள்ளை முந்தின இரவே சமையலறை மேசையில் நாலைந்து கோத்து வைத்துவிடுவார்.

பத்து, பதினொரு மணிக்கு மேல் வெட்டுக்கிளி. புல்வெளியில் காற்று எழும்பியதும் அவை தவறித் தண்ணீரில் விழும். நுரை ரப்பரில் உடம்பும் ரப்பர் கால்களும் வைத்துக் கட்டிய பொய் வெட்டுக்கிளியை, கரையோரப் புல் தொங்கும் இடத்தில் ‘தொப்’ என்று போட வேண்டும். மென்மையாகப் போட்டால் மீன் நம்பாது. அடியிலிருந்து ஒரு பழுப்பு நிழல் எழுந்து வரும். உடனே கவ்வாது. பூச்சிக்குக் கீழேயே நீரோட்டத்தோடு பின்னோக்கி மிதந்து பார்க்கும். அந்த இரண்டு மூன்று நொடி கை துடிக்கும், துடிக்கவிடக்கூடாது. வாயைத் திறந்து மூடித் தலையைக் கீழே திருப்பிய பிறகுதான் கம்பைத் தூக்க வேண்டும்.

காற்று பலமாக வீசி வெட்டுக்கிளி ஆட்டம் களைகட்டுவது மதியம்தான். அந்த நேரத்தில்தான் மணியும் இரண்டாகும். கஷ்டமாகத்தான் இருக்கும். மாப்பிள்ளையின் சட்டைப்பையில் கயிறு கட்டிய சின்ன தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் உண்டு. “மாமா, முதல்ல தண்ணிய அளந்துடுவோம்” என்பார். தடை இல்லாத நாளிலும் 20 டிகிரியைத் தொட்டுவிட்டால் கம்பை மடக்கிவிடுவார். சென்ற கோடையில் நாங்கள் கரையேறிக்கொண்டிருந்தபோது, ஒரு சுற்றுலா நிறுவனத்தின் படகு அப்போதுதான் நான்கு விருந்தாளிகளோடு இறங்கியது. அன்றைக்கு அந்த ஆற்றில் தடை இல்லை, ஆக அவர்கள் செய்தது சட்டப்படி குற்றமும் இல்லை. காசு கொடுத்து வந்தவர்களுக்கு நேரத்தைச் சொல்வது வழிகாட்டியின் வேலை. அவர் சொல்லவில்லையென்றால் கேட்பது நம் வேலை.

அடுத்தது படம். மீனைக் கையில் ஏந்திச் சிரிக்கும் ஒவ்வொரு நொடியும் அது மூச்சில்லாமல் இருக்கிறது. நீரில்லாமல் அதன் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த கையால் பிடித்தால் உடம்பின் வழுவழுப்பு உரிந்து வந்துவிடும், அது போனால் பூஞ்சை பிடிக்கும். படம் எடுக்கவே கூடாதென்று நான் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடமும் இருக்கின்றன. மீனைக் கைவலையோடு தண்ணீரிலேயே வைத்திருந்து, கையை நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி, கேமரா தயாரான பிறகு ஒரு நொடி தூக்கினால் போதும். தங்கூசியும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய இழை அறுந்துவிடுமோ என்று பயந்து நெடுநேரம் இழுப்பதுதான் மீனைக் கொல்கிறது.

என் மனைவி கேட்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்கு அதே கேள்வி இருக்கும். “ஏங்க, திங்கவும் மாட்டீங்க, அப்புறம் எதுக்கு அதை முள்ளுல குத்தணும்?” இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறுகளில் 1974-க்குப் பிறகு மொன்டானா அரசு பண்ணை ட்ரவுட் கொண்டுவந்து விடுவதில்லை என்பதை யோசிக்க வேண்டும். இருப்பதெல்லாம் ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீன். ஒன்று செத்தால் லாரியில் இன்னொன்று வராது. நீலகிரியில் கதை வேறு. அங்கே அவலாஞ்சியில் 1907-லேயே வெள்ளைக்காரர்கள் குஞ்சு பொரிப்பகம் வைத்து ஓடைகளில் வானவில் ட்ரவுட்டை வளர்த்தார்கள். அந்த வானவில் ட்ரவுட்டின் பூர்வீகம் வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகள். மொன்டானாவின் பெரும்பாலான ஆறுகளிலும் அது வந்தேறிதான். பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவிலிருந்து வந்தது. போஸ்மன் பக்கத்து ஆறுகளின் ட்ரவுட்களில் மண்ணின் மைந்தன் தொண்டையில் சிவப்புக் கீற்று உள்ள கட்த்ரோட்தான்.

பூங்காவுக்குள் பிடித்த கட்த்ரோட்டைத் திரும்ப விட்டே ஆக வேண்டும். மாநில உரிமம் பூங்காவுக்குள் செல்லாது, அதற்குத் தனி அனுமதிச் சீட்டு. எதிர்முள் இல்லாத தூண்டில் முள் மட்டும், ஈயக்குண்டு கூடாது, கம்பளி அடிப்பாகம் வைத்த காலணியும் கூடாது. பூங்காவுக்கு வெளியே ஆறு தனியார் பண்ணை நடுவே ஓடினாலும் பயமில்லை. 1985 சட்டப்படி பொதுப் பாலத்தின் வழியாக இறங்கி, ஆறு நிரம்பும்போது நீர் வழக்கமாக எட்டும் கோட்டுக்குள் எவ்வளவு தூரமும் நடக்கலாம். அதைத் தாண்டி வயலில் கால் வைத்தால்தான் தகராறு.

பிற்பகலில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள் அணைக்குக் கீழே போகலாம். ஹோல்டர் அணைக்குக் கீழே கிரெய்க் ஊரில் மிசௌரி ஆறு, யெல்லோடெயில் அணைக்குக் கீழே பிக்ஹார்ன். நீர்த்தேக்கத்தின் நீர் வருவதால் இவை பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். அங்கேயும் அளந்துவிட்டே இறங்கவும். பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் செப்டம்பர் இரண்டாம் வாரம் போங்கள். இரவுக் குளிர் வந்துவிடும், காட்டுத்தீப் புகையும் ஓரளவு அடங்கும், வெட்டுக்கிளியும் மிச்சமிருக்கும்.

உங்கள் கட்டுரையை வைத்துப் பயணம் திட்டமிடுகிறவர்கள் இருப்பார்கள். எனவே அடுத்த இணைப்பிலேயே ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிட வேண்டுகிறேன். காலையில் போங்கள், தண்ணீரை அளங்கள், கிளம்புமுன் மாநில மீன்வளத் துறையின் தடைப்பட்டியலைப் பாருங்கள் என்ற மூன்று வரி போதும். ‘வெயில் தாழ்ந்ததும்’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
குன்னூர்