கொள்ளளவு கற்பிக்கும் பெட்டியில் உள்ள அளவுப் பிழைகள் குறித்த புகார்

அனுப்புநர்:
மூன்றாம் வகுப்பு ஆசிரியை,
அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கற்பித்தல் கருவிகள் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: ஒரு லிட்டர் ஜக்கின் அளவுக்கோடுகள் தவறாக இருத்தல் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 6 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது என்று குறிப்பிட்டுத் தாங்கள் விற்கும் கொள்ளளவுப் பெட்டியை, எங்கள் வகுப்புக்காக ரூ.1,850 செலுத்தி வாங்கினோம். அதிலுள்ள ஒரு லிட்டர் ஜக்கின் கோடுகள் தவறானவை. அச்சிடும்போது ஒரு ஜக்கில் மட்டும் நேர்ந்த பிசகாக இருந்தால் மாற்றித் தரும்படி இரண்டு வரியில் கேட்டிருப்பேன். பிழை வடிவமைப்பிலேயே இருப்பதால் விரிவாக எழுத வேண்டியுள்ளது.

ஜக்கின் உட்புற விட்டம் அடியில் 7 செ.மீ., 1000 என்ற கோட்டருகே 11 செ.மீ.; அந்தக் கோடு வரை உயரம் ஏறத்தாழப் பதினைந்தரை செ.மீ. அடி குறுகி வாய் விரிந்த பாத்திரத்தில் மேலே செல்லச் செல்ல அதே உயரத்துக்குக் கூடுதலான நீர் பிடிக்கும் என்பதால், கோடுகள் அடிப்பகுதியில் தள்ளித் தள்ளியும் மேற்பகுதியில் நெருங்கியும் அமைய வேண்டும். தங்கள் ஜக்கிலோ 100 முதல் 1000 வரையிலான பத்துக் கோடுகளும் சம இடைவெளியில் உள்ளன. நேரான உருளைக்குப் பொருந்தும் அளவுகோலைச் சாய்ந்த சுவரில் ஒட்டியதன் விளைவாக, 1000 என்ற கோடு மட்டும் சரியாக இருக்க, 500 என்ற கோடு வரை சுமார் 390 மில்லிலிட்டரும், 100 என்ற கோடு வரை சுமார் 63 மில்லிலிட்டருமே பிடிக்கின்றன. அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்தின் கண்ணாடி அளவு ஜாடியில் ஊற்றிச் சரிபார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வகுப்பில் இது எவ்வாறு வெளிப்பட்டது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். கடையில் விற்கும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை, மூடி திறக்காத நிலையில் வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஜக்கில் ஊற்றினோம். முதல் பாட்டிலுக்கு நீர் 600 என்ற கோட்டைத் தொட்டது; இரண்டாவதற்கு 1000 என்ற கோட்டில் நின்றது. “டீச்சர், ரெண்டாவது பாட்டில்ல 400தான் இருந்துச்சா?” என்று ஒரு மாணவி கேட்டாள். கோட்டைப் பார்த்து, கழித்து, சரியாகச் சிந்தித்த குழந்தையின் கேள்வி அது. இரண்டு அரை லிட்டர் சேர்ந்தால் ஒரு லிட்டர் என்பதைக் கண்ணால் காணவே பெட்டியை வாங்கினோம். அந்த இடத்திலேயே அது பொய் சொல்கிறது.

தொலைபேசியில் இதைத் தெரிவித்தபோது, இது சிறுவர்களுக்கான பொருள் என்பதால் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது என்று தங்கள் அலுவலர் கூறினார். 500க்கு 110 குறைவது நூற்றுக்கு 22 பங்கு. பால்காரர் இப்படி அளந்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். மேலும், பெரியவர்கள் கோடு தவறென்று ஐயப்படுவார்கள். எட்டு வயதுக் குழந்தை தன்னையே ஐயப்படும். ஆகவே சிறுவர்களுக்கான பொருளில்தான் கூடுதல் கவனம் தேவை என்பது என் கருத்து.

பெட்டியிலுள்ள உயரமான குவளையும் அகலமான கிண்ணமும் ‘ஒரே கொள்ளளவு’ எனக் குறிக்கப்பட்டுள்ளன. வடிவம் மாறினாலும் நீரின் அளவு மாறாது என்பது சிறு குழந்தைகளுக்கு எளிதில் பிடிபடுவதில்லை; உயரமான பாத்திரத்தில்தான் அதிகம் இருக்கிறது என்று அவர்கள் உறுதியாகச் சொல்வதை உளவியலாளர் ழான் பியாஜே கடந்த நூற்றாண்டிலேயே விளக்கியுள்ளார். அந்த எண்ணத்தை மாற்றவே இவ்விரு பாத்திரங்களும் தரப்பட்டுள்ளன. ஆனால் குவளையின் கோடு வரை உள்ள நீரைக் கிண்ணத்தில் ஊற்றினால், அது விளிம்பைத் தாண்டி மேசையில் வழிகிறது. குழந்தைகளின் பழைய எண்ணமே சரியென்று ஆகிவிடுகிறது.

வழிகாட்டிக் கையேட்டிலும் திருத்தம் தேவை. நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து, நடுவில் குழிந்திருக்கும் பரப்பின் அடியைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பே அதில் இல்லை. படத்தில் சிறுவன் மேலிருந்து குனிந்து பார்க்கிறான். ‘1 லிட்டர் = 1 கிலோ’ என்ற வரிக்கு அருகே எண்ணெய்ப் பாட்டில் வரையப்பட்டுள்ளது. நீருக்கு ஏறத்தாழப் பொருந்தும் அந்தக் கணக்கு எண்ணெய்க்குப் பொருந்தாது. கடையில் விற்கும் ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் உறையிலேயே 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம்.

எனவே, முழுத் தொகையையும் திருப்பித் தந்து, பெட்டியைத் தங்கள் செலவில் எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதே வடிவமைப்புள்ள ஜக்குகளின் விற்பனையை நிறுத்துவதோடு, ஏற்கெனவே வாங்கிய பள்ளிகளுக்கும் இப்பிழையைத் தெரிவிக்க வேண்டும். கோடுகளைக் கணக்கிட்டுத் திருத்துவது கடினமெனில், நேரான சுவருள்ள ஜக்கைத் தயாரித்தாலே போதும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்றாம் வகுப்பு ஆசிரியை.

இணைப்பு: ரசீதின் நகல், இரு பாட்டில் நீரையும் ஊற்றியபோது எடுத்த ஒளிப்படங்கள்.