1852 பொறிப்புள்ள ரிவால்வர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
ஏலப் பிரிவு, சிங்கப்பூர்க் கிளை

பொருள்: ஆவணச் சான்று இல்லாத கோல்ட் (Colt) நேவி ரிவால்வர்

ஐயா / அம்மையீர்,

உங்கள் சிங்கப்பூர் அலுவலகம் வழியாக லண்டன் ஏலத்தில் நான் எடுத்த 1851 நேவி ரக கோல்ட் ரிவால்வரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முழுப் பணத்தையும் தரும்படி கேட்கிறேன். தொலைபேசியில் சொன்னேன், மின்னஞ்சலும் அனுப்பினேன். "பழம்பொருள்களை இருக்கும் நிலையிலேயே விற்கிறோம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. துரு, விரிசல், உடைந்த ஸ்பிரிங் என்றால் அந்தப் பதில் சரி. என் புகார் அதைப் பற்றியதே இல்லை.

உங்கள் பட்டியலில் தடித்த எழுத்தில் இருந்த தலைப்பு, "ஆவணச் சான்றுடன் கூடிய பரிசளிப்பு ரிவால்வர்". கைப்பிடியின் பின்பட்டையில், சிங்கப்பூரில் பணியாற்றிய ஒரு கப்பல் அதிகாரிக்கு 1852-ல் நண்பர்கள் அளித்தது என்று வாசகம். தோ பாயோவில் உட்கார்ந்து பழைய ஆயுதங்களின் வரலாற்றைத் துருவிக்கொண்டிருக்கும் எனக்கு அதுதான் ஈர்ப்பு. ஆனால் அதே பக்கத்தில், சற்றுக் கீழே, "லண்டன் தொழிற்சாலைத் தயாரிப்பு" என்றும் போட்டிருக்கிறீர்கள். இந்த ரிவால்வர்களைச் செய்த அமெரிக்கர் சாமுவேல் கோல்ட் 1851-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் தம் துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்தார், உண்மை. லண்டன் பிம்லிகோவில் அவருடைய தொழிற்சாலை வேலையைத் தொடங்கியதோ 1853-ல். இன்னும் செய்யப்படாத துப்பாக்கியை 1852-ல் யார் யாருக்குக் கொடுத்தார்கள்?

பேரலில் லண்டன் முகவரி இருப்பதை மட்டும் வைத்து நான் பேசவில்லை. அமெரிக்காவில் செய்து லண்டனில் விற்றவற்றிலும் அந்த முகவரி உண்டு. இதில் வரிசை எண்ணும் லண்டன் வரிசையைச் சேர்ந்தது.

துப்பாக்கி இங்கே இல்லை. நம் ஊர்ச் சட்டம் உங்களுக்கும் தெரியும். லெஸ்டரில் இருக்கும் என் மகன்தான் அதைப் பெற்றுக்கொண்டான். பிரிட்டனின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இத்தகைய பழம்பொருளைச் சேகரிப்பாக வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அவன் பூதக்கண்ணாடி வைத்து எடுத்த படங்களை இணைத்துள்ளேன். சிலிண்டரில் உள்ள கப்பற்போர்க் காட்சி தேய்ந்து பாதி மங்கிவிட்டது. பின்பட்டை வாசகத்தின் எழுத்துகள் மட்டும் விளிம்பு கூர்மையாக, நேற்று வெட்டியதுபோல் நிற்கின்றன. பேரலிலும் ஃபிரேமிலும் தெளிவாகத் தெரியும் வரிசை எண், கைப்பிடியின் அடியில், அதே பட்டையில் மட்டும் ஏறக்குறைய அழிந்திருக்கிறது. பட்டையைத் தேய்த்து மெருகேற்றிவிட்டுப் பிறகு வாசகம் வெட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் அந்த "ஆவணங்கள்". வந்தவை ஒரு தட்டச்சுக் குறிப்பு, அதுவும் கையெழுத்தோ தேதியோ இல்லாதது. கூடவே ஒரு குடும்பக் கடிதத்தின் நகல். கடிதத்தில் "தாத்தாவின் துப்பாக்கி" என்று இருக்கிறது, எந்தத் துப்பாக்கி என்று இல்லை. பரிசளிப்பு விருந்தைச் சிங்கப்பூர்ச் செய்தித்தாள் வெளியிட்டது என்றும் பட்டியல் சொல்கிறது. எந்தத் தாள், எந்தத் தேதி என்று கேட்டேன், பதில் இல்லை. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் வந்த பத்திரிகை. தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் யாரும் தேடலாம். நான் தேடினேன். அந்த அதிகாரியின் பெயரே அகப்படவில்லை.

இந்தத் துறையில் சான்று என்றால் என்ன என்பது உங்கள் நிபுணருக்குத் தெரியாமல் இருக்காது. 1853 வாக்கில் தங்க வேலைப்பாடு பதித்துச் செய்த டிரகூன் ரக ரிவால்வர் ஜோடியில் ஒன்றை ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸுக்கும் மற்றதைத் துருக்கிச் சுல்தானுக்கும் கோல்ட் கொடுத்தார்; ஒன்று ரஷ்யாவின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்திலும் இன்னொன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அந்தத் தரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆண்டாவது பொருந்த வேண்டாமா? வாசகம் இல்லாத சாதாரண லண்டன் நேவியை இதைவிடக் குறைந்த விலைக்கே வாங்கியிருப்பேன். கூடுதலாகக் கொடுத்தது முழுக்க அந்த ஒரு வரிக்காக.

தலைப்பில் தடித்த எழுத்தில் வருவதற்கு நிறுவனம் பொறுப்பேற்கும் என்று உங்கள் விற்பனை நிபந்தனைகளே சொல்கின்றன. எனவே ஏல விலை, வாங்குபவர் கட்டணம், லெஸ்டருக்கு அனுப்பிய செலவு எல்லாவற்றையும் இம்மாத இறுதிக்குள் திருப்பித் தர வேண்டும். துப்பாக்கியை எடுத்துச் செல்ல ஆள் அனுப்பும் செலவும் உங்களுடையதே. தவறினால் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிட்டுவிட்டுச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போவேன். தொகை அதன் 20,000 வெள்ளி வரம்புக்குள்தான் வருகிறது. அதே துப்பாக்கியை அதே விவரத்தோடு மறுபடி ஏலத்தில் விடமாட்டீர்கள் என்றும் எழுத்தில் உறுதி வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தோ பாயோ

இணைப்பு: பட்டியல் பக்கம், ரசீது, படங்கள், ஆவண நகல்கள்