வழிகாட்டியே பனிக்குள் புதைந்தால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் காஷ்மீரின் குல்மார்க் பனிச்சறுக்கு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி, விடுதி, செலவு எல்லாவற்றையும் விரிவாகச் சொன்ன கட்டுரை, ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகளிலோ, ஏறும்போது இரண்டாகப் பிரியும் ஸ்ப்ளிட்போர்டிலோ, தடம் போடாத சரிவுகளில் ஏறி இறங்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் ‘நல்ல வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டால் போதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியை நம்பி யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சரிவில் முதலில் இறங்குபவர் பெரும்பாலும் வழிகாட்டிதான். பனி உடைந்தால் முதலில் புதைபவரும் அவராகவே இருக்கலாம். அப்போது அவரைத் தேடித் தோண்டி எடுக்க வேண்டியவர்கள் மேலே நிற்கும் நான்கைந்து பயணிகள். பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. குல்மார்க்கிலிருந்து மீட்புக்குழு எவ்வளவு விரைந்து வந்தாலும் இந்தக் கணக்குக்குள் வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. 2023 பிப்ரவரி 1 அன்று குல்மார்க்குக்கு மேலே உள்ள அபர்வட் மலையின் ஹாபத்குட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பகுதியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். இரண்டுமே சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் அதே மலை.

ஆகவே பீக்கன், ப்ரோப் (பனியைக் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி), ஷவல் (பனியைத் தோண்டும் வாரி) மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். குழுவுக்கு ஒன்று என்ற பேச்சே கூடாது. பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் துடிப்பு அனுப்பும் சிறு கருவி. புதைந்தவருடையது அனுப்பும், தேடுகிறவருடையது வாங்கும். மூன்று ஆன்டெனா உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கையேடு வேறு சொன்னாலொழிய அல்கலைன் பேட்டரி மட்டும் போடுங்கள். ரீசார்ஜ் செல் போட்டால் திரையில் காட்டும் சதவீதத்தை நம்ப முடியாது. சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைக்காவிட்டால் கசிந்து முனைகளை அரித்துவிடும். வாடகைக் கருவியில் முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ப்ரோப் 240 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஷவல் அலுமினியத் தகடாக இருக்கட்டும். சரிந்து வந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகும். அதில் பிளாஸ்டிக் தகடு வளைந்து எகிறும். பீக்கனை உள்ளடுக்குச் சட்டைக்கு மேல் வாரோடு கட்டி, மேலே ஜாக்கெட் போட வேண்டும். முதுகுப்பையில் வைத்தால், பனி பையைப் பிய்த்தெறியும்போது பீக்கனும் போய்விடும். செல்போன், ஸ்மார்ட் வாட்ச், சூடேற்றும் கையுறை எல்லாம் பீக்கனிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும், தேடும்போது 50 செ.மீ.

இவற்றை வாங்குவது எளிது, கையாளத்தான் பழக வேண்டும். அதற்குப் பனி தேவையில்லை. நம் ஊர் விளையாட்டு மைதானமே போதும். ஒருவர் பீக்கனை அனுப்பும் நிலையில் வைத்துச் பரப்பிவைத்த சாக்குகளில் ஏதோ ஒன்றின் கீழ் ஒளிக்க, மற்றவர் 40 மீட்டர் தொலைவிலிருந்து தேடட்டும். அம்புக்குறி நேர்கோட்டில் கூட்டிப்போகாது; காந்தப்புலத்தின் வளைவோடு வளைத்தே கூட்டிப்போகும். திரையில் எண் குறைந்துகொண்டே வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கூடினால் எதிர்த்திசையில் போகிறீர்கள். 3 மீட்டருக்குள் வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், முன்பின்னாகவும் பிறகு இடவலமாகவும் நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். பதற்றத்தில் மணிக்கட்டைத் திருப்பிவிடுவார்கள், எண் தாவும், மறுபடி முதலிலிருந்து தேடுவார்கள், ஒன்றிரண்டு நிமிடம் போய்விடும்.

எண் மிகக் குறைந்த இடத்தில் ப்ரோபைச் சரிவின் பரப்புக்குச் செங்குத்தாக இறக்குங்கள். வானத்துக்கு நேராக அல்ல. தட்டுப்படாவிட்டால் 25 செ.மீ. இடைவெளியில் சுருள் வட்டமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். ஆள் தட்டுப்பட்டதும் ப்ரோபை உருவாமல் அப்படியே விட்டுவிட்டு, அதிலுள்ள அளவுக்கோட்டில் ஆழத்தைப் பார்த்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவு கீழ்ச்சரிவுக்குப் போய் அங்கிருந்து உள்நோக்கித் தோண்ட வேண்டும். ப்ரோபுக்கு நேர் மேலே நின்று தோண்டினால், கீழே கிடப்பவரின் முகத்துக்கு முன்னால் இருக்கும் கொஞ்ச நஞ்சக் காற்றிடமும் மிதிபட்டு அடைந்துபோகும். நான்கு நிமிடத்துக்குள் பீக்கனைக் கண்டுபிடிக்கும் வரை மைதானத்தை விடாதீர்கள்.

ஏறுவதற்கு ஸ்கீயின் அடியில் ஒட்டும் உரோமப் பட்டைதான் ஸ்கின். ஸ்கீயின் அகலத்துக்கு வெட்டும்போது இரு பக்கமும் இரும்பு விளிம்பு தெரிய சுமார் 2 மி.மீ. விட வேண்டும். விளிம்பை மூடிவிட்டால் இறுகிய குறுக்குச் சரிவில் பிடிமானம் இருக்காது. குல்மார்க் விடுதி அறைகளில் விறகு போட்டு எரிக்கும் புகாரி அடுப்பு இருக்கும். மாலையில் நனைந்த ஸ்கின்னை அதன் மேலே தொங்கவிடத் தோன்றும், செய்யாதீர்கள். கோந்து இளகித் திட்டுத்திட்டாகத் திரளும், மறுநாள் உரித்தெடுக்கும்போது பாதிக் கோந்து ஸ்கீயின் அடியிலேயே தங்கிவிடும். அடுப்பிலிருந்து தள்ளி, அறையின் மறுகோடியில் காற்றாட விடுங்கள். பகலில் இரண்டாவது ஏற்றம் இருந்தால், இறங்கும்போது ஸ்கின்னை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பையில் போட்டால் உறைந்து ஒட்டாது. வெயிலில் இளகிய பனியில் ஸ்கின் நனைந்து நிழலுக்கு வந்ததும் உரோமத்தில் பனி கட்டிகட்டியாக அப்பிக்கொள்ளும். கிளம்புமுன் ஸ்கின் மெழுகு தேய்த்தால் குறையும். கோந்து முற்றிலும் கைவிட்டால் ஸ்கீயோடு சேர்த்துச் சுற்றிக்கட்ட நான்கு ரப்பர் பட்டைகளைப் பையில் வைத்திருங்கள்.

ஸ்ப்ளிட்போர்டுக்காரர்களுக்கு வேலை இன்னும் கூடுதல். ஏறும்போது இரண்டு பலகை, இறங்கும்போது ஒன்று. இடையே, காலணியைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைக் கழற்றி, ஸ்கின்னை உரித்து, பலகைகளைக் கொக்கிகளால் சேர்த்து, பைண்டிங்கை மறுபடி நழுவவிட்டுப் பூட்ட வேண்டும். பலகையின் மேல் பைண்டிங் நழுவிப் பொருந்தும் கட்டைகளில் பனி இறுகிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது. முதலில் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தமாகச் சுரண்டுங்கள். வீட்டு மொட்டை மாடியில், தடித்த கையுறையோடு, பத்து நிமிடத்துக்குள் முடியும் வரை பழகுங்கள். மலைமுகட்டில் காற்றில் கையுறையைக் கழற்றினால் இரண்டே நிமிடத்தில் விரல் மரத்துவிடும். அதிர்வில் திருகாணி தளரும் என்பதால் பொருத்தமான திருப்புளியும் இரண்டு உபரித் திருகாணிகளும் அவசியம்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறுவது வழக்கமான குழு வேகம். பத்து மாடிக் கட்டடம் ஏறக்குறைய 30 மீட்டர். முதுகில் 8 கிலோ பையோடு ஒரு மணி நேரத்தில் பத்து முறை ஏற முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சறுக்கு ஓடுபாதையில் ஒரு வார அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்தவர்கள் இந்தப் பயணத்துக்கு இன்னும் தயாரில்லை. மிதிபடாத கனத்த பனியில், பையோடு, விழாமல் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். பருத்திப் பனியன் வேண்டவே வேண்டாம். ஏறும்போது வியர்வையில் நனைந்தால் இறங்கும்வரை காயாது. குளிருக்கு பயந்து இரண்டு ஜோடி காலுறை போடுவதும் தவறு: பூட் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து கால்விரல் இன்னும் சில்லிடும். மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்று போதும். கடலை மிட்டாய் கொண்டுபோனால் வீட்டிலேயே சின்னதாக உடைத்து உள்பாக்கெட்டில் வையுங்கள், கடுங்குளிரில் கல்லாகிவிடும்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். கடல்மட்டத்திலிருந்து வருகிறவர்கள் உயரத்துக்கு உடம்பு பழக இரண்டு இரவாவது கீழே குல்மார்க்கில் தங்கிவிட்டு மேலே போக வேண்டும். பெருமழை போல் பனி கொட்டிய பிறகு இரண்டாம் கட்டத்தை மூடிவைப்பார்கள். காசு கொடுத்துவிட்டோம் என்று வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள். அந்த நாட்களுக்கு மங்கி ஹில், பாபா ரேஷி பக்கத்துக் காடுகள் இருக்கின்றன. மாவட்ட வாரியாக வரும் பனிச்சரிவு எச்சரிக்கை நீங்கள் நிற்கும் குறிப்பிட்ட சரிவைப் பற்றிச் சொல்லாது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை சாய்வில் நிகழ்கின்றன. இன்று போகும் சரிவு எத்தனை பாகை, நேற்றிரவு காற்று எந்தப் பக்கம் பனியைக் குவித்தது என்று தினமும் காலையில் வழிகாட்டியிடம் கேளுங்கள். நல்ல வழிகாட்டி முகம் சுளிக்கமாட்டார்.

கடைசியாக, தொடர்பு. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். வெளிநாட்டு மலையேறிகள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை அரசு அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபடக்கூடும். எனவே மலையில் நம்ப வேண்டியது வழிகாட்டி நிறுவனத்தின் வாக்கி-டாக்கியைத்தான். அது ஒன்றே ஒன்று, அதுவும் வழிகாட்டியின் நெஞ்சில் மாட்டியிருந்தால், அவர் புதையும்போது அதுவும் புதையும். இரண்டாவது ஒன்றைக் கடைசியில் வருபவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தச் சேனல், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, விடுதி வாசலிலேயே ஒருமுறை அழுத்திப் பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்