இரவு பத்து மணிக்குப் பிறகு: எங்கள் கோயில் நிர்வாகசபைக்கு ஒரு திறந்த மடல்

கோயிலைப் பராமரிக்கிற வண்ணக்கர் மாமாவுக்கும் பூசை செய்கிற கட்டாடியார் பெரியப்பாவுக்கும், நிர்வாகசபையில் இருக்கிற அண்ணன்மாருக்கும், குடிக்கொரு நாள் என்று திருவிழாவைப் பொறுப்பெடுத்து நடத்துகிற எல்லோருக்கும் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். கோயிலுக்கு மேற்கே நாலாவது வளவு, தையல் மிசின் சத்தம் கேட்கிற வீடு. உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளில் பாதி நான் தைத்தவை. ஊரின் பெயரை இதில் எழுதவில்லை, ஏனென்றால் மட்டக்களப்புப் படுவான்கரையில் பல ஊர்க் கோயில்களுக்கும் இதே மடலை அனுப்பலாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எழுவான்கரைக்கும் அனுப்பலாம். கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன். அம்மாளின் வைகாசிச் சடங்கு நாட்களில் இரவு பத்து மணிக்குப் பிறகு தென்னைமரங்களில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கிகளை நிறுத்துங்கள். உள்ளே வந்திருப்பவர்களுக்குக் கேட்க இரண்டு பொக்ஸ் போதும். எனக்கு நித்திரை வேண்டும்.

எனக்கு இருக்கிற வருத்தத்தின் பெயர் பைபோலர், தமிழில் இருமுனைக் கோளாறு என்கிறார்கள். சில காலம் மனம் மேலே ஏறிவிடும். நித்திரை தேவைப்படாது, களைப்பும் வராது, கதை நிற்காது, கையிலிருக்கிற காசெல்லாம் போகும், உலகமே எனக்காகத்தான் விடிகிறது என்று தோன்றும். அப்புறம் மாதக்கணக்கில் கீழே. தலை சீவக்கூடக் கை எழாது, வெட்டி வைத்த துணி வெட்டியபடியே கிடக்கும், செத்தால் நல்லது என்ற எண்ணம் வந்து பக்கத்தில் குந்தியிருக்கும். இது ஒன்று. இதோடு எனக்குக் கடுமையான பதகளிப்பும், அதாவது அடங்காத பயமும் பதற்றமும், இருக்கிறது, திடீர் திடீரென்று பீதி பிடிக்கும். இரண்டும் ஒரே ஆளுக்கு வருவது அதிசயமில்லை, பைபோலர் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு பதகளிப்பு வருத்தமும் வருகிறது.

முதல்முதல் பீதி பிடித்தது 2013இல். அப்போது மண்முனைப் பாலம் இல்லை, 2014இல்தானே திறந்தார்கள், அதற்கு முந்திப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் நாங்கள் எல்லோரும் அக்கரைக்குப் போவோம். பாதை நடு ஆற்றுக்கு வந்ததும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது, தொண்டை இறுகியது, பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் தெரிந்த முகம் என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது. சாகப்போகிறேன் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகம் இருக்கவில்லை. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர், இறங்க இடமில்லை. கரை தட்டுவதற்குள் அது தானாகவே தணிந்துவிட்டது. பீதி அப்படித்தான், பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு இறங்கும், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் பத்து நிமிடமாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அடுத்த மூன்று வருடத்தில் இன்னும் நாலு தடவை எடுத்திருப்பார்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கேட்டுக் கேட்டு எனக்கே நான் பொய் சொல்கிறேனோ என்று வந்துவிட்டது.

2017 வைகாசி உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி இதுவரை நான் உங்களில் யாரிடமும் கதைத்ததில்லை.

சடங்கு தொடங்க மூன்று கிழமைக்கு முன்னால், பீதிக்கென்று ஒரு வைத்தியர் எனக்கு மனச்சோர்வுக் குளிசை எழுதித் தந்திருந்தார். பதகளிப்புக்கு அது வழக்கமான மருந்துதான், ஆயிரம் பேருக்குச் சுகம் தருகிறது. எனக்கு பைபோலர் இருப்பது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மனநிலையைச் சமப்படுத்துகிற மருந்து இல்லாமல் அதைத் தனியாகப் போட்டால் எங்களைப் போன்றவர்களை அது மேலே தூக்கிவிடக்கூடும். அந்த நேரம் பார்த்துக் கோயில் கதவு திறந்து சடங்கும் தொடங்கியது. ஏழு இரவும் ஒலிபெருக்கி விடிய விடிய. எங்கள் வளவுத் தென்னையில் கட்டிய குழல் நேரே என் அறை ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. முதல் இரவு இரண்டு மணித்தியாலம் படுத்தேன், மூன்றாம் இரவு படுக்கவே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. ஐந்தாம் நாள் விடியப்புறம் நாலு மணிக்கு மிசினில் இருந்து யாரும் கேட்காத சட்டைகளைத் தைத்துக் கொண்டிருந்தேன், சிவப்புத் துணி முடிந்ததும் அம்மாவின் சீலையை வெட்டினேன். அன்று பின்னேரம் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி உண்டியலில் போட்டேன்.

ஆறாம் நாள் இரவு பறை அடிக்க நான் ஆடினேன். அம்மாள் வந்துவிட்டா என்று வேப்பிலை தந்தீர்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினீர்கள், பெரிய மனிதரெல்லாம் என் முன்னால் கைகூப்பி வாக்குக் கேட்டார்கள். அம்மாள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, இன்றைக்கும் வெள்ளி தவறாமல் விளக்கு வைக்கிறவள்தான் நான். தெய்வம் வந்து ஆடுகிற அக்காமாரை எனக்கும் தெரியும், அவர்கள் ஆடி முடித்து ஒரு மிடறு இளநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு கொடுப்பார்கள். நான் அப்படி இறங்கி வரவில்லை. சடங்கின் கடைசிப் பூசையான குளிர்த்தி முடிந்து, பந்தல் பிரித்து, எல்லோரும் போன பிறகும் நான் வெளிவீதியில் நின்று கதைத்துக் கொண்டே இருந்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் என் காலில் விழுந்தவர்களே "விசர்" என்றார்கள். தம்பியும் மாமாவும் என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கையைக் கட்டித்தான் கொண்டுபோனார்கள். அவர்களை நான் கோபிக்கவில்லை, வேறு வழி தெரியாத நேரம் அது. ஆனால் அந்தக் கயிறு கோயில் பந்தலுக்குக் கொண்டுவந்த கயிறு, அதை மட்டும் மறக்க முடியவில்லை.

வாட்டில் ஐந்து கிழமை இருந்தேன். அந்தக் குளிசை பாதி, நித்திரை இல்லாத இரவுகள் பாதி என்று அங்கே வைத்தியர் எனக்கு விளங்கப்படுத்தினார். மற்றவர்களுக்கு நித்திரை குழம்பினால் அடுத்தநாள் களைப்பு. பைபோலர் உள்ள ஆளுக்கு இரண்டு மூன்று இரவு குழம்பினால் அதுவே தீக்குச்சி, மனம் ஏறத் தொடங்கிவிடும், ஏறினால் நித்திரை இன்னும் குறையும், அது இன்னும் ஏற்றும். அதனால்தான் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் கொப்பியைத் திறந்தவுடன் கேட்கிற முதல் கேள்வி "எப்படி நித்திரை?" என்பது.

"சடங்கு நாளில் ஒரு குளிசை கூடப் போட்டால் என்ன?" என்று உங்களில் ஒருவர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். நல்ல மனதோடு கேட்டதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். நான் எடுப்பது லிதியம். 1949இல் ஜோன் கேட் என்ற ஆஸ்திரேலிய வைத்தியர் இந்த வருத்தத்துக்கு இது உதவும் என்று எழுதினார், இன்றுவரை இதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய மருந்துகள் கொஞ்சம்தான். ஆனால் அளவு கொஞ்சம் பிசகினாலும் இது நஞ்சு. கடைசிக் குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும், பொதுவாக 0.6க்கும் 1க்கும் இடையில் நிற்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கை நடுங்கும், வாந்தி, வயிற்றோட்டம், நடை தள்ளாடும். சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். வைகாசியில் கச்சான் காற்று அடிக்கிற வெக்கையில் வியர்த்துத் தண்ணீர் குறைந்தாலே இதன் அளவு ஏறும், இடுப்பு வலிக்கென்று கடையில் டிக்ளோபெனாக் வாங்கிப் போட்டாலும் ஏறும். நேர்த்திக்கு நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பதில்லை என்று குறை சொன்னவர்களுக்கும் இதுதான் என் பதில். நித்திரைக்கென்று தனியாகத் தருகிற குளிசைகளில் பல பழகிவிட்டால் விடாது, பீதிக்குத் தருகிற சிலதும் அதே சாதிதான். மற்றவர்களுக்குப் பீதிக்கு லேசாகக் கிடைக்கிற மருந்து எனக்கு 2017ஓடு மூடின கதவு. ஆக எனக்கு மிச்சம் இருப்பது நேரத்துக்குக் குளிசை, மூச்சுப் பயிற்சி, பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்காமல் இருப்பது, இரவு ஒன்பதரைக்குப் படுப்பது. இதில் முதல் மூன்றும் என் கையில் இருக்கிறது, கடைசி உங்கள் கையில்.

விடியப்புறம் நாலரைக்குப் போடுகிற பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு சத்தமும் இல்லாத இருட்டில் திடீரென்று குழல் கரகரத்து ஒரு "ஹலோ, ஹலோ" வரும் பாருங்கள், அந்த நொடியில் நான் கட்டிலை விட்டு எழும்பி நிற்பேன், ஏன் நிற்கிறேன் என்று தெரியாது, நெஞ்சு அதே பாதையில் அடித்த மாதிரி அடிக்கும். வெடியும் அப்படித்தான். 2007இல் ஷெல்லுக்குப் பயந்து ஊரோடு ஆற்றைக் கடந்து ஓடியவர்கள் நாங்கள், எனக்கு அப்போது பத்தொன்பது வயது. யானைக்கு வெடி போடுவது உயிர்த் தேவை, அதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன், காவல் இருக்கிற தம்பிமாரின் கஷ்டம் எனக்குத் தெரியும். பூசைக்குப் போடுகிற வெடியை மட்டும் நேரம் சொல்லிவிட்டுப் போடுங்கள். வரப்போவது தெரிந்தால் நெஞ்சு பாதிதான் அடிக்கும்.

சட்டமும் இருக்கிறது. 2007இல் உயர் நீதிமன்றம், ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கி சம்பந்தமாக வந்த வழக்கில், எந்த மதமாக இருந்தாலும் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்று கட்டளையிட்டது. போன வருடம் பக்கத்து வீட்டு மாமி, "பொலிசில் ஒரு துண்டு எழுதிக் கொடு மகள்" என்றா. நான் கொடுக்கவில்லை. என் அப்பாவின் பெயர் அந்தக் கோயில் மணியில் வெட்டியிருக்கிறது, அந்த மணி அடிக்கிற கோயிலுக்கு நான் பொலிசைக் கூட்டிவரமாட்டேன். உங்களிடம்தான் கேட்பேன்.

கூத்து நடக்கிற ஒரு இரவு விடிய விடியத்தான் நடக்க வேண்டும், அது பத்து மணிக்கு முடிகிற சாமானில்லை, தம்பி வடமோடிக் கூத்து ஆடுகிறவன், சலங்கை கட்டிய காலை நானே தேய்த்துவிடுகிறவள். அந்த இரவு எதுவென்று ஒரு கிழமைக்கு முன்னால் சொன்னால் களுவாஞ்சிகுடியில் சின்னம்மா வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வேன். குளிர்த்தி இரவும் அப்படியே. மிச்ச இரவுகளில் பாட்டும் பறையும் உடுக்கும் எங்கே நடக்கின்றனவோ அங்கே நடக்கட்டும், ஒலிபெருக்கி இல்லாமலே அரைக் கட்டை தூரத்துக்குக் கேட்கிற குரல்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன. எந்தக் குடியின் நாளுக்கு எத்தனை குழல் கட்டினார்கள் என்று போட்டி போடுவதை மட்டும் விடுங்கள். ஒன்றுக்கு ஒன்று கூட்டிக் கூட்டிப் போன வருடம் பதினாலு குழல். எனக்கு மட்டும் இல்லை, கோயிலடியில் பிள்ளை பெற்று இருபது நாள் ஆன பெண் ஒருத்தி அந்த ஏழு இரவும் குழந்தையைத் தோளில் போட்டபடி நடந்ததை நான் ஜன்னலால் பார்த்தேன்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கட்டாடியார் பெரியப்பா கேட்க வேண்டும். ஆடுகிறவர்களில் யாராவது பூசை முடிந்தும் இறங்காமல் இருந்தால், நாலைந்து நாளாக நித்திரை இல்லை என்று வீட்டார் சொன்னால், நகையை, காசை அள்ளி அள்ளிக் கொடுத்தால், கதை நிற்காமல் ஓடினால், வாக்குக் கேட்காதீர்கள். பறையை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுத்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் இருத்தி, வீட்டாரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கயிறு வேண்டாம், தெரிந்த இரண்டு பேர் இரண்டு பக்கமும் இருந்தால் பெரும்பாலும் போதும். நீங்கள் ஒரு சொல் சொன்னால் ஊர் கேட்கும், எந்த வைத்தியர் சொல்வதையும் விட. கோயில் அறிவித்தல் பலகையில் 1926 என்ற இலக்கத்தையும் எழுதிப் போடுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம்.

அடுத்த வெள்ளி பூசைக்குப் பிறகு சடங்குக் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். நானும் அம்மாவும் வருவோம். கூட்டத்தில் எனக்குப் பீதி பிடித்தால் கொஞ்ச நேரம் வெளியே போய் இருந்துவிட்டு வருவேன், யாரும் பதற வேண்டாம், பேச்சை நிறுத்தவும் வேண்டாம். எங்கள் வளவுத் தென்னையில் கட்டுகிற குழலை இந்த வருடம் ஆற்றுப் பக்கம் திருப்பிக் கட்டுவதற்குத் தம்பி சம்மதித்திருக்கிறான், ஏணியும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை