எங்கள் கரட்டுக் கற்களைப் பனி கொண்டுவரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டைக்காலப் பனிப்பாளங்கள் எதுவரை பரவியிருந்தன என்பதை மலைகளிலும் கடற்கரைகளிலும் எஞ்சியுள்ள தடயங்களைக் கொண்டு விளக்கிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். நார்வே, ஸ்காட்லாந்து பற்றிய பகுதிகளில், ஓரிடம் தவிர, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சென்னிமலை, சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரக் கரடுகளில் (பாறைக் குன்றுகளில்) காணப்படும் உருண்டைப் பாறைகளும் பனி கொண்டுவந்து போட்டவையே என்று கடைசிப் பத்தியில் எழுதியிருப்பது தவறு. இவ்வட்டாரத்தில் 30 ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் அதற்கான காரணத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

பனி சுமந்து வந்த கல்லுக்கு முதல் அடையாளம், அது வேறிடத்திலிருந்து வந்த அசலூர்க்கல் என்பதே. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நார்பர் என்னுமிடத்தில் வெளுத்த சுண்ணாம்புப் பாறையின்மேல் அதைவிட வயதில் மூத்த கருநிறக் கற்கள் கிடக்கின்றன. இளைய பாறையின்மேல் மூத்த பாறை தானாக ஏறி உட்கார வழியில்லை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் நிற்கும் எய்ல்சா கிரெய்க் என்ற சிறு தீவின் நுண்மணிக் கிரானைட், எங்கு கிடந்தாலும் இனங்காணக் கூடியது. அது அயர்லாந்து, வேல்ஸ் கரைகள்வரை சிதறிக் கிடப்பதால், பனி சென்ற வழியை அந்தக் கற்களைக் கொண்டே வரைந்துவிடலாம். இரண்டாவது அடையாளம் கீறல். பனியின் அடியில் சிக்கிய கல் தரைப்பாறையில் உராயும்போது இரண்டிலும் கோடுகள் விழும். ஆற்றுக்கல்லில் வழவழப்பு இருக்கும். இந்தக் கோடுகள் இரா.

எங்கள் கரட்டுக் கற்களில் இவ்விரண்டும் இல்லை. மேலே நிற்கும் உருண்டையும் அடியிலுள்ள பாறையும் ஒரே இனம். இதை உறுதிசெய்ய மலையேறவும் வேண்டாம், பழைய இறவைக் கிணறு ஒன்றை எட்டிப் பார்த்தாலே போதும். மேல்மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் நடுவே, கடப்பாரை பட்டால் உதிர்ந்துவிடும் அளவுக்கு மட்கிய பாறை இருக்கும். அதற்குள் மட்காத உருண்டைகள் புதைந்திருக்கும். பாறையின் வரிகள் அந்த மட்கிய பகுதியிலிருந்து உருண்டைக்குள் நுழைந்து, மறுபுறம் அதே போக்கில் வெளியேறுவதைக் கிணற்றுச் சுவரில் காணலாம். கல் சற்றே புரண்டிருந்தாலும் வரி பொருந்தாது.

வெடிப்புகளின் வழியே இறங்கும் நீர் பாறையிலுள்ள பெல்ஸ்பார் கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது. கட்டம் கட்டமாக வெடித்த பாறையின் முகத்தை அது ஒரு பக்கத்திலிருந்தும், விளிம்பை இரண்டு பக்கங்களிலிருந்தும், மூலையை மூன்று பக்கங்களிலிருந்தும் அரிப்பதால், மூலைகள் முதலில் மழுங்கி, சதுரக்கல் மண்ணுக்குள் இருந்தபடியே சின்ன வெங்காயம்போல் ஏடு ஏடாக உரிந்து உருண்டையாகிறது. பிறகு மழை மட்கியதை அடித்துச் செல்ல, உருண்டைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவை பூதம் அடுக்கிய கற்கள் என்று எங்கள் அப்பாரு சொல்வார். சான்று என்று பார்த்தால் கட்டுரையாளரின் பனியும் அந்தப் பூதமும் ஒன்றுதான்.

நான் விலக்கு வைத்த அந்த ஓரிடம், ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் மழுங்கிய கீழ்ப்பகுதிக்கும் கரடுமுரடான உச்சிக்கும் இடையே தெரியும் கோடு. அதுவே பனியின் மேல்மட்டம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கட்டுரையும் அப்படியே சொல்கிறது. வெயில்படக் கிடக்கும் பாறையில் விண்கதிர்களால் சிறிது சிறிதாகச் சேர்ந்து, அது எவ்வளவு காலம் திறந்து கிடந்தது என்பதைக் காட்டும் பெரிலியம்-10 அணுக்களை, வடமேற்கு ஸ்காட்லாந்தில் அந்தக் கோட்டுக்கு மேலே கிடந்த அசலூர்க்கற்களில் அளந்தபோது, கடைசிப் பனிக்காலத்தில் உச்சிகளும் மூடப்பட்டிருந்தன என்று தெரியவந்தது. அங்கே பனி பாறையோடு உறைந்து ஒட்டிக் கிடந்ததால் தேய்மானம் நிகழவில்லை.

கடற்கரைத் தடயங்களில் சுவீடனின் ‘உயர்கரை’யைக் கட்டுரை விட்டுவிட்டது எனக்கு ஏமாற்றமே. பனியின் பாரத்தால் அமுங்கிய நிலம் பனி உருகியபின் மேலெழுந்ததில், பழைய கடற்கரை இன்று கடல்மட்டத்துக்கு 286 மீட்டர் மேலே இருக்கிறது. அந்த நிலம் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் உயர்கிறது.

இந்தியத் தீபகற்பத்தில் பனித் தடயமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஒடிசாவின் தால்ச்சேரில் நுண்களிமண்ணுக்குள் பெருங்கற்கள் புதைந்த படிவத்தைக் கண்டு, அது பனியின் வேலை என்று நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் 1856-இல் எழுதினர். மகாராட்டிரத்தின் சந்திரபூருக்கு அருகே இராய் என்னுமிடத்தில் கீறல் விழுந்த தரைப்பாறையே கிடைத்தது. ஆனால் அவை ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனிக்குரியவை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தை எட்டிய கடைசிப் பனிக்காலத்தில் நீலகிரியில்கூடப் பனிப்பாளம் இல்லை. அங்குள்ள சதுப்புக் கரிமண்ணின் கார்பனை ஆராய்ந்து 1993-இல் வெளியான ஆய்வு, அக்காலத்தில் மலை வறண்டு, வறட்சி தாங்கும் புல்வகைகள் மிகுந்திருந்ததைக் காட்டியது. கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, இலங்கைக்குத் தரைவழி இருந்ததும் அப்போதுதான்.

எங்கள் பகுதிப் பள்ளிகளில் தங்கள் இதழின் அறிவியல் பக்கத்தை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். ஆகவே அந்தக் கடைசிப் பத்திக்கான திருத்தத்தை அடுத்த இதழின் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்.